எச்.ஐ.வி.: அந்தத் தனித் தட்டு யாருக்காக?

(எச்.ஐ.வி., எய்ட்ஸ் தொடர்பாக வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள். எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.)

கேள்வி: என் அண்ணனுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது இரண்டு மாதங்களுக்கு முன் தெரியவந்தது. அன்றிலிருந்து அம்மா அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருக்கிறார். என் இரண்டு வயது மகளை அவர் தூக்க வந்தால், ஏதோ வேலை இருப்பதைப் போல நானே குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன். தவறு என்று தெரிகிறது, பயம்தான் விடவில்லை.

பதில்: தட்டை இன்றைக்கே மற்றத் தட்டுகளோடு சேர்த்துவிடுங்கள். ரத்தம், விந்து, பெண்ணுறுப்பிலும் மலக்குடலிலும் சுரக்கும் திரவங்கள், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியாகத்தான் இந்த வைரஸ் பரவுகிறது. எச்சில், வியர்வை, கண்ணீர் வழியாக, ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதால், கட்டியணைப்பதால் அது பரவுவதில்லை. சவரக் கத்தியையும் பல்துலக்கியையும் தனித்தனியே வைத்துக்கொண்டால் போதும். அது எந்த வீட்டிலும் கடைப்பிடிக்க வேண்டிய வழக்கம்தானே! உண்மையில் கவலை எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். அவருடைய எதிர்ப்பாற்றல் இன்னும் தேறாத நிலையில் இருந்தால், வீட்டுக்கு வரும் விருந்தாளியின் இருமலிலிருந்து காப்பாற்றப்பட வேண்டியவர் அவர்தான். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் நோய்களில் காசநோய்தான் முதலிடத்தில் இருக்கிறது.

தெரிந்தும் பயம் விடவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் குறையாகக் கொள்ளவில்லை. 1981 ஜூனில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞர்களிடம் இந்நோய் காணப்பட்டதாக முதல் அறிக்கை வெளிவந்தது. காரணமான வைரஸ் கண்டறியப்பட்டதோ 1983-இல். நோய் எப்படி வருகிறது என்று தெரியாதிருந்த அந்த இடைவெளியில், அது யாருக்கு வருகிறது என்பதை மட்டும் உலகம் பேசிப் பேசி மனத்தில் பதித்துக்கொண்டது. பிறகு விடை கிடைத்தும் அந்தப் பழைய பேச்சு அழியவில்லை. ரத்தம் உறையாக் குறைபாட்டுக்காக ஏற்றிக்கொண்ட மருந்தின் வழியே தொற்று பெற்ற ரயன் ஒயிட் என்ற சிறுவனை, 1985-இல் அவன் பள்ளி உள்ளே விட மறுத்தது; உடன் படிப்பதால் தொற்றாது என்று மருத்துவர்கள் சொன்னது எடுபடவில்லை. 1987-இல் லண்டன் மருத்துவமனையொன்றில் எய்ட்ஸ் நோயாளி ஒருவருடன் இளவரசி டயானா கையுறை அணியாமல் கைகுலுக்கிய புகைப்படம், அதுவரை வந்த அறிவுரைகள் செய்யாததைச் செய்தது. உங்கள் வீட்டிலும் விளக்கத்தைவிடச் செயலுக்குத்தான் வலிமை அதிகம். அடுத்த முறை அண்ணன் வரும்போது குழந்தையை நீங்களே அவர் கையில் கொடுங்கள். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது கொடுங்கள்.

இன்னொன்று: "எப்படி வந்தது?" என்று அவரை யாரும் துருவ வேண்டாம். அந்தக் கேள்விக்கு என்ன விடை வந்தாலும் மருந்து மாறப்போவதில்லை; உறவு மட்டுமே மாறும்.

கேள்வி: எனக்கு எச்.ஐ.வி. உண்டு; மனைவிக்கு இல்லை. ஒன்றரை ஆண்டாக மருந்து எடுத்துவருகிறேன், ரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நாங்கள் குழந்தை பெற்றுக்கொள்ள ஆசைப்படலாமா?

பதில்: தாராளமாக ஆசைப்படலாம். மருந்தைத் தவறாமல் எடுத்து, வைரஸ் அளவு கண்டறிய இயலாத நிலையில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பரவுவதில்லை. இது ஆறுதலுக்காகச் சொல்வதன்று. இருவரில் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 888 இணையர்களை ஐரோப்பாவில் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2016-இல் வெளியானது. ஆணுறை இன்றி ஏறத்தாழ 58,000 முறை உறவு கொண்டிருந்தும், சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. ஆண் இணையர்களிடையே 2019-இல் வந்த அடுத்த கட்ட முடிவும் பூஜ்யம்தான். அண்மைய பரிசோதனை முடிவோடு இருவரும் சேர்ந்தே மருத்துவரைப் பாருங்கள்.

தொற்று தாய்க்கு இருக்கும் வீடுகளுக்காகவும் ஒரு சொல். சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று செல்லக்கூடும். முறையான சிகிச்சையால் அதை 5-க்கும் கீழே கொண்டுவர முடிகிறது. உடலுறவில் பூஜ்யமாகும் அபாயம் தாய்ப்பாலில் மிகவும் குறையுமே தவிர முற்றிலும் மறைவதில்லை. ஆகவே பாலூட்டுவது பற்றிப் பிரசவத்துக்கு முன்பே பேசி முடிவெடுக்க வேண்டும்.

கேள்வி: உடம்பு நன்றாகிவிட்டது, எடையும் கூடியிருக்கிறது. மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். ரத்தத்தில் காணப்படாத வைரஸ், மருந்து எட்டாத சில அணுக்களின் மரபுப் பொருளுக்குள் உறங்கிக்கொண்டிருக்கிறது. நிறுத்திய சில வாரங்களில் விழித்துக்கொள்ளும். விட்டுவிட்டு எடுப்பதும் ஆபத்தே, மருந்துக்கு அடங்காத வைரஸ் வகைகள் அதனாலும் உருவாகின்றன. 1987-இல் வந்த முதல் மருந்து தனியாகக் கொடுக்கப்பட்டபோது நீண்டகாலம் பலிக்காமல் போனதற்கும், 1996 வாக்கில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதும் மரணங்கள் சட்டென்று குறைந்ததற்கும், ஒரு மருந்துக்கு எளிதில் அடங்காமல் மாறிவிடும் வைரஸால் பல மருந்துகளை ஒருசேர எதிர்க்க முடியாததே காரணம். கவனிக்காமல் விட்டால், நோய் எதிர்ப்புக்கு உதவும் சி.டி.4 என்ற ரத்த வெள்ளையணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 200-க்குக் கீழே சரியும், அல்லது குறிப்பிட்ட சில கடும் நோய்கள் தாக்கும். அந்தக் கட்டத்துக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். எச்.ஐ.வி. இருக்கும் எல்லோருக்கும் எய்ட்ஸ் இருப்பதாகப் பேசுவது தவறு.

கேள்வி: கொசுக்கடியால் பரவுமா?

பதில்: பரவாது. இந்த வைரஸ் கொசுவின் உடலில் பெருகுவதில்லை. கடிக்கும்போது கொசு உங்களுக்குள் செலுத்துவதும் தன் உமிழ்நீரைத்தான், முந்தையவரின் ரத்தத்தை அன்று.

கேள்வி: பாதுகாப்பற்ற உறவுக்குப் பத்தாம் நாள் பரிசோதித்தேன். தொற்று இல்லை என்று வந்தது. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இன்னும் இல்லை. தொற்றியதிலிருந்து பரிசோதனையில் தெரியும்வரை ஒரு சாளரக் காலம் உண்டு. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, வைரஸின் புரதத்தையும் அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைச் சோதனை பெரும்பாலும் 18 முதல் 45 நாட்களுக்குள் காட்டிவிடும். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் விரைவுச் சோதனைக்கு 90 நாட்கள் வரை ஆகலாம். ஆறு வாரம் கழித்து ஒருமுறையும், மூன்று மாதம் நிறைந்ததும் ஒருமுறையும் பாருங்கள். அதுவரை ஆணுறையைத் தவிர்க்காதீர்கள். நடந்த உடனேயே வந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் எடுக்கும் தடுப்பு மருந்து கொடுத்திருக்கலாம். இத்தகைய சூழல் உங்களுக்கு அடிக்கடி நேரக்கூடுமானால், முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் தடுப்பு மாத்திரைகளைப் பற்றியும் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: எனக்குத் தொற்று உள்ளது. யாரிடமெல்லாம் சொல்ல வேண்டும்? அலுவலகத்தில்?

பதில்: துணையிடம் சொல்லுங்கள், தனியே சொல்ல முடியாவிட்டால் உங்கள் ஆலோசகரை உடன் வைத்துக்கொள்ளலாம். அலுவலக வேலையால் யாருக்கும் இது பரவாது என்பதால், அங்கே சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது, ஆகவே நன்றாக யோசியுங்கள். ஆனால் பல் வலிக்கும் வயிற்று வலிக்கும் போய்ப் பார்க்கும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அவர்கள் பயப்படுவார்களோ என்று பலர் மறைத்துவிடுகிறார்கள். எச்.ஐ.வி.க்கு இன்று பரவலாகக் கொடுக்கப்படும் டொலுடெகிராவிர் மாத்திரையோடு சேர்த்து அமிலநீக்கி மருந்தையோ, வெறும் வயிற்றில் இரும்பு, கால்சியம் மாத்திரைகளையோ விழுங்கினால் டொலுடெகிராவிர் உடலில் சரியாகச் சேராது. அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ டொலுடெகிராவிரை எடுக்க வேண்டும். இதை உங்களுக்குச் சொல்ல, எழுதிக்கொடுப்பவருக்கு நீங்கள் எந்த மருந்தில் இருக்கிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.