நனைந்த அட்டை வாசம் எந்தத் திராட்சைக்கும் கிடையாது

கேள்வி: வான் ஜோன் என்ற பிரெஞ்சு ஒயின் வாங்கினேன். பாட்டிலில் 620 மில்லிதான் இருக்கிறது. வழக்கமான 750-இல் 130 மில்லியை அமுக்கிவிட்டார்களா?

பதில்: இல்லை. ஜூரா பகுதியின் அந்த ஒயினுக்கு அதுதான் முறையான அளவு. பீப்பாயில் குறைவதை நிரப்பாமல், மேலே ஈஸ்ட் ஆடை படரவிட்டு, ஆறு வருஷத்துக்கு மேல் கழித்தே வெளியே விடுகிறார்கள். ஒரு லிட்டரில் ஆவியானது போக மிஞ்சுவது இவ்வளவுதான் என்று கணக்குச் சொல்வார்கள். அதே மலைப்பக்கத்து கோம்தே சீஸ், நன்றாக முதிர்ந்ததாகப் பார்த்து வாங்கிச் சேர்த்துச் சாப்பிடுங்கள்.

கேள்வி: க்சினோமாவ்ரோ என்ற கிரேக்கச் சிவப்பு ஒயினைத் திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம். "அபூர்வத் திராட்சை, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் கடைக்காரர்.

பதில்: உங்களுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் பேசியிருக்கிறார். க்சினோமாவ்ரோவில் தக்காளி, ஆலிவ் வாசம் வரலாம். அட்டை வாசம் கார்க்கிலிருந்து வரும் டி.சி.ஏ. என்ற ரசாயனத்தின் வேலை. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஒயின் வீண்தான். மிச்சத்தைக் கொட்டாமல் கார்க்கோடும் ரசீதோடும் எடுத்துப் போய் மாற்றித் தரச் சொல்லுங்கள். தயங்காதீர்கள், தப்பு உங்களுடையது அல்ல.

கேள்வி: "அறியப்படாத சுவைகள்" என்று ஒரு பரிசுப்பெட்டி. சக்ரான்டினோ சிவப்பு ஒயின், ப்ரீ சீஸ், ஆட்டுப்பால் சீஸ், நீலச் சீஸ். எதைத் தின்றாலும் வாய் கசக்கிறது.

பதில்: இந்தப் பெட்டிகள் மேல் எனக்குப் பழைய கோபம். நானும் ஒன்று வாங்கி, பெட்டி மட்டும்தான் இன்னும் உபயோகத்தில் இருக்கிறது. சீஸ் என்றாலே சிவப்பு ஒயின் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள், விற்கிறவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். இத்தாலியின் உம்ப்ரியாவில் விளையும் சக்ரான்டினோ, துவர்ப்பைத் தரும் டானின் மிக அதிகமுள்ள திராட்சைகளில் ஒன்று. அதை மெத்தென்ற ப்ரீயோடு சேர்த்தால் கசப்பும் உலோக ருசியும்தான் மேலே வரும். அதற்கு ஈடுகொடுப்பது முதிர்ந்த பெகோரினோ மாதிரி கெட்டிச் சீஸ். ப்ரீக்கு க்ரேமான் போன்ற நுரைக்கும் ஒயின். ஆட்டுப்பால் சீஸுக்குப் புளிப்புள்ள வெள்ளை: பிரான்சில் ஷாவின்யோல் என்ற ஒரே கிராமத்தில் ஆட்டுப்பால் சீஸும் சான்சேர் ஒயினும் தயாராகின்றன, அப்புறம் என்ன யோசனை? நீலச் சீஸின் உப்புக்கு ஹங்கேரியின் இனிப்பான டோக்காய் ஒயின். ஆக, அந்தப் பெட்டியில் இருந்த மூன்று சீஸுக்கும் அந்த ஒயின் ஆகாது. சேர்த்துக் கட்டியவர் எதையும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

கேள்வி: வெள்ளை ஒயினின் அடியில் கண்ணாடித் துகள்!

பதில்: டார்டாரிக் அமிலத்தின் உப்பு. குடியுங்கள்.

கேள்வி: பாதி விலை என்று ஒரு முழு டலெஜியோ சீஸ் வாங்கி, பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றி வைத்தேன். இப்போது அம்மோனியா நெடி.

பதில்: தேதியைப் பார்த்தீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. ஏன் பாதி விலை என்றாவது கேட்டீர்களா? மெழுகுத்தாளில் சுற்றியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். நெடி போகாவிட்டால் குப்பைக்கூடை.

கேள்வி: ஜார்ஜியாவின் ர்காட்சிடெலி வெள்ளை ஒயின் என்று வாங்கினேன், தேநீர் நிறத்தில் இருக்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: லேபிளில் 'க்வெவ்ரி' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், மண்ணில் புதைத்த பெரிய ஜாடியில் தோலோடு ஊறியது என்று அர்த்தம், நிறம் அதனால்தான். தோலிலிருந்து டானினும் இறங்கியிருக்கும், அதனால் கெட்டிச் சீஸ் வாங்குங்கள். ரொம்பக் குளிரவைத்தால் துவர்ப்புதான் தெரியும்.