ஒரே காட்டில் இத்தனை துப்பாக்கி இருந்தால் சண்டை வராதா?

கேள்வி: அமெரிக்காவில் பொதுக் காடுகளில் லைசென்ஸ் எடுத்த யார் வேண்டுமானாலும் மான் வேட்டைக்குப் போகலாமாமே. முன்பின் தெரியாத இவ்வளவு பேர் துப்பாக்கியோடு ஒரே காட்டில் இருந்தால் தகராறு வராதா?

வரும். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

நான் இருப்பது விஸ்கான்சின் மாநிலத்தில். ஆறு சீசன் போய் இரண்டே மான் சுட்டிருக்கிறேன், அதனால் என்னைப் பெரிய வேட்டைக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். மானைச் சுட்டால் ஜெயில் என்று கேட்டே வளர்ந்தவன் நான். இங்கே நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி 9 நாள் துப்பாக்கி சீசன். லைசென்ஸ் எடுப்பவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். அந்த வாரம் எங்கள் ஆபீசில் பாதி நாற்காலி காலியாக இருக்கும், கிட்டத்தட்ட நம் ஊர் தீபாவளி மாதிரி.

சட்டம் சொல்வது கொஞ்சம்தான். இடுப்புக்கு மேலே உடுப்பில் பாதியாவது கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சாக இருக்க வேண்டும் (2016 முதல் பளிச்சென்ற பிங்க்கும் செல்லும்). 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்பு வகுப்பில் தேறியிருக்க வேண்டும். காலையில் சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கும்போதிலிருந்துதான் சுடலாம், அதற்கும் முன்னால் கூடாது. சரி, ஆனால் எந்த மரத்தடியில் யார் உட்காருவது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதை முழுக்க மனிதர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

முதல் வருடம் நண்பர் ஒருவரோடு வெறுங்கையோடு, சும்மா பார்க்கத்தான் போனேன். விடியற்காலை நாலே முக்கால், காதுமடல் மரத்துப்போகும் குளிர். அந்த இடத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்து, குளம்புத் தடம், ஆண் மான் கொம்பைத் தேய்த்த மரப்பட்டை எல்லாம் குறித்து வைத்திருந்தார் அவர். மேட்டில் பாதி ஏறியிருப்போம், மேலேயிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் இடமும் வலமுமாக மெதுவாக மூன்று முறை அசைந்தது. இங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நண்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் டார்ச்சை ஒரு தடவை ஆட்டிவிட்டுத் திரும்பி இறங்கினார். மூன்று வாரம் பார்த்த இடமாயிற்றே என்று நான்தான் முணுமுணுத்தேன். "அவர் நமக்கு முன்னாடி எழுந்திருக்கிறார், அவ்வளவுதான்" என்றார்.

அடுத்தது என் தப்பு. மூன்றாவது சீசனில் காலை எட்டு மணிக்கே குளிர் தாங்காமல் பரணிலிருந்து இறங்கி நடக்க ஆரம்பித்தேன். மான் நடமாடும் முக்கியமான நேரமே அதுதான். சதுப்பு ஓரத்தில் ஒருவர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அவர் பார்த்துக்கொண்டிருந்த வெட்டவெளிக்கும் நடுவே நான். அப்படி மாட்டிக்கொண்டால் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி, அவருக்குப் பின்னால் சுற்றிப் போக வேண்டும். நானோ மன்னிப்புக் கேட்கிறேன் பேர்வழி என்று நேராக அவரிடமே போய்ப் பேச்சுக் கொடுத்தேன். அவர் கத்தவில்லை. மடியில் இருந்த துப்பாக்கியின் வாயை என்னைவிட்டு வேறு பக்கம் திருப்பினார், உதட்டில் விரல் வைத்தார். சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்துக்கொண்டார். "நீ குறுக்கே வந்தது பரவாயில்லைப்பா. நின்று கதை பேசினாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை."

வசந்த காலத்து வான்கோழி வேட்டையில் மரியாதையும் உயிரும் ஒன்றாகிவிடும். அங்கே ஆரஞ்சு கட்டாயமில்லை, எல்லோரும் இலை நிற உடுப்பில் ஒளிந்திருப்பார்கள், அதுவும் கோழி மாதிரியே குரல் கொடுத்துக்கொண்டு. சிவப்பு, வெள்ளை, நீலத்தில் கைக்குட்டைகூட வைத்துக்கொள்ளக் கூடாது, சேவலின் தலை நிறம் அது. யாராவது உங்களை நோக்கி வந்தால் கையை ஆட்டக் கூடாது, அசைந்தாலே கோழி என்று நினைத்துவிடுவார்கள். சத்தமாக மனிதக் குரலில் பேச வேண்டும். அன்றைய வேட்டை இரண்டு பேருக்கும் போச்சு, போகட்டும்.

எல்லோரும் உத்தமர்கள் இல்லை. பரணைத் திருடுகிறவன் உண்டு, அடுத்தவன் பரணில் கூச்சமில்லாமல் ஏறி உட்காருகிறவனும் உண்டு. 2004 நவம்பர் 21 அன்று இதே மாநிலத்தின் சாயர் கவுண்டியில், தனியார் நிலத்தில் ஒரு பரணில் உட்கார்ந்திருந்த, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த மாங் இனத்தவர் ஒருவரை அந்த நிலத்துக்காரர்கள் இறங்கச் சொன்னார்கள். வாக்குவாதம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து 6 பேர் செத்தார்கள். இனத்தைச் சொல்லித் திட்டினார்கள், முதலில் சுட்டதும் அவர்கள்தான் என்று அவர் கோர்ட்டில் சொன்னார். உயிர் தப்பியவர்கள் அவர்தான் முதலில் சுட்டார் என்றார்கள். அவருக்கு ஆயுள் தண்டனை. மாநிறத்துக்காரனான நான் தனியார் வேலி இருக்கும் பக்கமே போவதில்லை. எல்லை தெரியும் வரைபடம் போனில் இல்லாமல் காட்டுக்குள் கால் வைப்பதும் இல்லை.

ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு மாதிரி. என் இரண்டாவது மான் அடிபட்டு ஓடிவிட்டது. உடனே துரத்தினால் இன்னும் தூரம் ஓடும் என்பதால் அரை மணி காத்திருந்து, பனியில் ரத்தத் துளியைப் பிடித்துக்கொண்டு போனேன். காத்திருந்தபோதே சரிவுக்குக் கீழே ஒரு வெடிச்சத்தம் கேட்டிருந்தது. போனால், விழுந்து கிடந்த மானுக்குப் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் நிற்கிறார். கத்தியை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. இவ்வளவு நேரமும் ரத்தத் தடத்தோடு யாராவது வருவார்கள் என்று காத்திருந்திருக்கிறார்.

இரண்டு பேரும் குனிந்து ஓட்டையைத் தேடினோம். அவர் மயிரை விலக்கிக் காட்டினார். "உன்னுடையது நுரையீரலில். என்னுடையது தொடையில், கறியைத்தான் கெடுத்தேன். உன் மான்." நான் வேண்டாம் என்றேன், நீங்கள் சுடாவிட்டால் எங்கே போயிருக்குமோ என்றேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு கொம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கொம்பைப் பிடி என்று கண்ணைக் காட்டினார். அரை மைல் இழுத்தோம், நடுவில் நாலு தடவை மூச்சு வாங்க நின்றோம், நின்றதெல்லாம் எனக்காக.

பின்னங்கால் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். இதயத்தை மட்டும் கேட்டார், வெங்காயம் போட்டு வதக்கினால் மனைவிக்குப் பிடிக்குமாம். காலி பிரெட் கவர் ஒன்றை உள்பாக்கெட்டில் மடித்தே வைத்திருந்தார்.