தலைக்குள்ள ரத்தக்கசிவு: பெரிய வலி மருந்து ஏன் யோசிச்சு குடுக்கறாங்க?

கேள்வி: அக்கா, எங்க அப்பாவுக்கு 58 வயசு. கடையில நின்னுட்டு இருந்தவரு திடீர்னு மண்டைய பொளக்கற மாதிரி வலிக்குதுன்னு சாஞ்சுட்டாரு. யாங்கோன் கொண்டு போனோம், மூளைய சுத்தி ரத்தம் கசிஞ்சிருக்குன்னு ஆபரேஷன் பண்ணாங்க. 17 நாளும் வலியில துடிச்சாரு, ஆனா பாராசிட்டமால்தான், மார்ஃபின் கேட்டா துளியூண்டு. இப்ப வீட்டுல இருக்காரு. பக்கத்து வீட்டு மாமா மருந்துக்கடையில ட்ரமடால் வாங்கிட்டு வந்து குடுக்கறாரு, குடுக்கலாமா? (பெகு வாசகி)

பதில்: குடுக்காதீங்க தங்கச்சி, ட்ரமடாலும் மார்ஃபின் மாதிரி அபினி வகை மருந்துதான், அதோட அது வலிப்ப வேற தூண்டி விடும், தலையில ரத்தம் கசிஞ்சவருக்கு ஏற்கனவே அந்த பயம் இருக்கு.

அப்பா துடிக்கறத பாத்துட்டு இருந்தது எவ்வளவு கொடுமைன்னு எனக்கு தெரியும், நான் வார்டுல வேலை பாத்தவ. மார்ஃபின் மாதிரி மருந்து குடுத்தா தூக்கம் வரும், கண்ணு பாப்பா சுருங்கும். நர்ஸ் அடிக்கடி எழுப்பி, டார்ச் அடிச்சு பாக்கறதே இந்த ரெண்டையும் வச்சுதான, மருந்துனால மயங்கறாரா மூளை கெடுதான்னு அப்புறம் எப்படி கண்டுபிடிக்கறது? அளவு மீறினா மூச்சு மெதுவாகி ரத்தத்துல கரியமில வாயு ஏறும், மூளை ரத்தக்குழாய் விரியும், தலைக்குள்ள அழுத்தம் கூடும். மலச்சிக்கலும் வரும், முக்கக் கூடாதவரு முக்குவாரு. அதுக்காக குடுக்கவே கூடாதுன்னு இல்ல, பக்கத்துல ஆள் வச்சு அளவா குடுப்பாங்க. ஆனா ஆராய்ச்சி பண்ணவங்க பாத்ததுல, இந்த மருந்து குடுத்தும் நெறைய பேருக்கு வலி சரியா அடங்கல, சிலரு வீட்டுக்கு போன பிறகும் அத தொடர்ந்து எடுத்துக்கறாங்க. அதனாலதான் கன்னத்து எலும்புக்கு பின்னால மரத்துப்போற ஊசி போடறது மாதிரி வேற வழியும் சோதிச்சு பாக்கறாங்க.

வலிச்சா டாக்டர் எழுதின அளவுக்கு பாராசிட்டமால் குடுங்க. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் நீங்களா வாங்காதீங்க, அது ரத்தம் உறையறத கெடுக்கும். நிமோடிபின் எழுதியிருக்காங்களான்னு சீட்ட பாருங்க, வழக்கமா 4 மணி நேரத்துக்கு ஒரு தடவன்னு 21 நாள் குடுக்கறது, வலிக்கு இல்ல, மூளைய காப்பாத்த. நாள் பாக்கி இருந்தா ராத்திரியும் எழுப்பி குடுங்க, மயக்கமோ தலை சுத்தலோ வந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க.

மறுபடி திடீர்னு அதே வலி, எழுப்பினா எழுந்திரிக்கல, பேச்சு குளறுது, வலிப்பு, இதுல எது வந்தாலும் மாத்திரை தேடாம நேரா ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்கம்மா.