கம்ப்யூட்டரில் பவர் சப்ளை மாற்றும்போது பழைய கேபிள்களையே விட்டுவைக்கலாமா?

பெட்டிக்குள் ஏற்கெனவே ஒழுங்காகக் கட்டி வைத்த கேபிள்களைப் பிரிக்கச் சோம்பல்பட்டு, புதிய மாடுலர் பவர் சப்ளையில் அவற்றையே செருகலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம்.

மாடுலர் என்றால் கேபிள்கள் சப்ளையோடு ஒட்டியிராமல் தனியாகக் கழற்றக்கூடியவை, அவ்வளவுதான். மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் பக்கம் இருக்கும் முனைக்கு எல்லோரும் பின்பற்றும் பொதுவான அளவும் பின் (pin) வரிசையும், அதாவது எந்த ஊசியில் எத்தனை வோல்ட் என்ற ஒழுங்கும், உண்டு. சப்ளை பக்க முனைக்கு அப்படி எதுவும் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி வைக்கிறது. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்கள் மாதிரி: எல்லா வீட்டிலும் அதே அரை இஞ்சுக் குழாய்தான், ஆனால் எதில் நல்ல தண்ணீர், எதில் போர் தண்ணீர் என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

இங்கே மாறினால் வாய் உப்புக் கரிப்பதோடு போகாது. டிஸ்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சாட்டா கேபிளில் 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்தால் டிஸ்க் அந்த நொடியே எரியும், வாரண்டியும் பெரும்பாலும் கிடைக்காது (உள்ளே இருந்த போட்டோக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்). அதனால் புதிய சப்ளையோடு வந்த கேபிள்களையே போடுங்கள், பழையதைப் பழைய சப்ளையோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

அப்புறம், ஒரே கம்பெனி என்றால் பிரச்சினை இல்லை என்ற நினைப்பும் தவறு. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே பின் வரிசை மாறுவதுண்டு, முனை கச்சிதமாகப் பொருந்தினாலும் சரி.