குடும்பத்தோடு ஜப்பானில் கியோட்டோ போனால் ஓட்டல், சாப்பாடு எல்லாம் எப்படி இருக்கும்? சைவம் சாப்பிடும் பெரியவர்களை அழைத்துப் போகலாமா?

தாராளமாக அழைத்துப் போகலாம். ஆனால் 'தாஷி' என்ற ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டு விமானம் ஏறுங்கள். அது தெரியாமல் போனதால் முதல் நாள் காலையிலேயே என் அம்மா வெறும் ஆரஞ்சுச் சாற்றோடு சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்துவிட்டார்.

நாங்கள் போனது 2024 மே மாதம். நான், மனைவி, 11 வயது மகள், 7 வயது மகன், 68 வயது அம்மா. ஆறு இரவுகள். ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முதல் வாரம் வரை அங்கே 'கோல்டன் வீக்' என்று தொடர் விடுமுறை. நாடே ஊர் சுற்றும். அந்த வாரத்துக்குப் பார்த்த அறை வாடகை, ஒரு வாரம் தள்ளிப் பார்த்ததும் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. நம் பிள்ளைகளுக்கும் அப்போது கோடை விடுமுறைதானே. தேதியை இப்படிப் பார்த்து வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் நகராது. பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி. கடல் வீட்டு வாசலில் இல்லை என்றாலும் மீன்காரி வராத நாள் கிடையாது. அப்பா தவறியதிலிருந்து மீன், கறி, முட்டை மூன்றையும் விட்டுவிட்டார். அதாவது பிறவிச் சைவர் இல்லை. எதை விட்டோம் என்று நாக்குக்கும் மூக்குக்கும் நன்றாகத் தெரிந்த சைவர்.

முதலில் ஓட்டல். கான்சாய் விமான நிலையத்திலிருந்து ஹருகா ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். அறை கொடுப்பது மூன்று மணிக்கு என்றால் மூன்றுதான், 2.50க்குக் கூடக் கிடையாது. பெட்டிகளை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். நான் செய்த தப்பு வேறு. நம் ஊரில் வாடகை அறைக்கு. அங்கே பெரும்பாலும் தலைக்கு. அம்மாவுக்கு எடுத்த இரட்டைக் கட்டில் அறையை ஒருவர் தங்குவதாகப் பதிவு செய்திருந்தேன். மகளும் அதில் படுப்பாள் என்றதும் வரவேற்பில் இருந்த பெண் கணக்குப்பொறியைத் தட்டி, இரு கைகளாலும் நீட்டி, இடுப்பு வளையக் குனிந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நாலு இரவுக்கும் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டார். திட்டவும் முடியவில்லை. சின்னப் பிள்ளைகள் பெற்றோர் கட்டிலிலேயே படுத்தால் காசில்லை என்பது பல இடங்களில் உண்டு. எந்த வயது வரை என்பது ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். பதிவு செய்யும்போதே பிள்ளைகளின் வயதை ஒளிக்காமல் போட்டுவிடுங்கள்.

இது போக, ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கியோட்டோ நகராட்சி 2018 அக்டோபரிலிருந்து தங்கும் வரி வாங்குகிறது. எங்கள் வாடகைக்கு அப்போது தலைக்கு 200 யென் வந்தது, நம் பணத்தில் நூற்றுச் சொச்சம் ரூபாய். 2026 மார்ச்சிலிருந்து இதைக் கூட்டியிருக்கிறார்கள்.

அறை சின்னது. ஒரு பெட்டியைத் திறந்தால் இன்னொன்றை மூட வேண்டும். குளியலறை, வார்த்து எடுத்த ஒரே பிளாஸ்டிக் கூடு மாதிரி இருக்கும். ஆனால் கழிப்பறையில் தண்ணீர் உண்டு, அதுவும் வெந்நீர். ஐரோப்பா போய்க் காகிதத்தோடு மல்லுக்கட்டி வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இப்போது அந்தக் காலைச் சாப்பாடு. இருபது முப்பது கிண்ணங்களில் வகை வகையாக அடுக்கியிருந்தார்கள். வேகவைத்த பூசணி, கீரை, கத்தரிக்காய், சோயா பாலில் செய்யும் தோஃபு, கடல்பாசி. காய்கறியாகவே தெரிந்ததால் எனக்குப் பெரிய நிம்மதி. அம்மாவுக்குச் சோறும், சோயா விழுதைக் கரைத்த மீசோ சூப்பும், கீரையும் எடுத்து வந்து வைத்தேன். சூப் மூடியைத் திறந்தார். வாய்க்குக் கொண்டு போன கிண்ணம் பாதியில் நின்றது.

"ஏய்யா, இதுல மாசி போட்டிருக்கான்லா?"

நான் சிரித்தேன். ஜப்பானில் ஏது மாசிக் கருவாடு என்றேன். அதற்குள் மகள், தான் எடுத்து வந்த சூடான பொரித்த தோஃபுவைக் காட்டி, "அப்பா, இது அசையுது" என்றாள். மேலே மரச் சீவல் மாதிரி மெல்லிய இழைகள் ஆவி பட்டுச் சுருண்டு நெளிந்துகொண்டிருந்தன. அம்மா ஓர் இழையை எடுத்து விரலிடையே நசுக்கி மோந்து பார்த்துவிட்டு, "மாசியேதான்" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

அவர் சொன்னது சரி. அதன் பெயர் கட்சுவோபுஷி. சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டையாகும் வரை காயவைத்தது. நம் மாசிக் கருவாடும் இதே சூரைதான், செய்முறையும் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. நாம் மாசியைத் தட்டிச் சம்பலில் போடுகிறோம், அவர்கள் சீவி வெந்நீரில் போட்டு வடிகட்டுகிறார்கள். அந்தச் சாறுதான் தாஷி. சூப், நூடுல்ஸ் குழம்பு, காய் வேகவைக்கும் தண்ணீர், கீரைக்கு ஊற்றும் சாறு எல்லாவற்றுக்கும் அதுதான் அடி. நாம் எதற்கெடுத்தாலும் புளி கரைப்பது போல.

சிக்கல் எங்கே என்றால், அவர்கள் கணக்கில் தாஷி மீன் இல்லை, சுவை. அன்று மதியம் ஊடோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸ் விற்கும் ஒரு கடையில் "மீன் வேண்டாம், இறைச்சி வேண்டாம்" என்று மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டினோம். பரிமாறும் பையன் புரிந்துகொண்டு தலையாட்டினான். நாலடி போய்விட்டுத் திரும்பி வந்து, "தாஷி தாய்ஜோபு?" என்றான். தாஷி பரவாயில்லையா என்று கேட்கிறான். பரவாயில்லை என்றால் மீன் சாற்றில் மிதக்கும் 'சைவ' ஊடோன் வரும். கேட்டானே, அவன் நல்லவன். பலர் கேட்கவே மாட்டார்கள், ஏமாற்றுவதற்காக இல்லை, அப்படி ஒரு கேள்வி இருப்பதே தோன்றாது.

அன்று இரவே மகள் செயலியில் தட்டி ஒரு சீட்டு தயார் செய்தாள்: மீன், இறைச்சி, முட்டை சாப்பிடமாட்டோம், கட்சுவோ தாஷியும் கூடாது, கொம்பு தாஷி என்றால் சரி. ஓட்டல் பெண்ணிடம் காட்டித் திருத்தி, ஜப்பானிய மொழியில் அச்செடுத்துக்கொண்டோம். கடைசி வரி முக்கியம். கொம்பு என்பது வட ஜப்பானில் ஹொக்காய்டோ பக்கத்துக் கடல்பாசி, அதை ஊறவைத்தும் தாஷி எடுப்பார்கள். வேண்டாததை மட்டும் சொன்னால் சமையல்காரர் கையை விரித்துவிடுவார். எதைப் போடலாம் என்றும் சொன்னால் யோசிப்பார்.

ஒரு கூடுதல் தகவல். இந்தக் கொம்பு சாற்றின் ருசி எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து 1908இல் குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தவர் கிகுனாயே இகேடா. அவர் பிறந்த ஊரும் கியோட்டோதான். அதுதான் மறு வருடம் அஜினமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஃபிரைடு ரைஸ் கடையில் "அஜினமோட்டோ போடாதீங்க" என்று சண்டை பிடிக்கும் அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

பொட்டலங்களின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பியும் ஓரளவுதான் போக முடியும். ஒவ்வாமைக்காகக் கட்டாயம் குறிப்பிட வேண்டிய பட்டியலில் நாங்கள் போனபோது 8 பொருள்கள் இருந்தன: இறால், நண்டு, வால்நட், கோதுமை, பக்வீட், முட்டை, பால், வேர்க்கடலை. மீன் அதில் இல்லை. ஆகவே செல்போன் கேமராவை வைத்து முழுச் சேர்மானத்தையும் படித்தே ஆக வேண்டும். கொம்பு வைத்த சோற்றுருண்டையிலும் சில சமயம் மீன் சாறு இருக்கும். உப்பு மட்டும் போட்ட ஓனிகிரி, அதாவது சோற்றுருண்டை, கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவைக் காப்பாற்றியது உண்மையில் தெருமுனைக் கடைதான். செவன் இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் என்று எங்கு திரும்பினாலும் இருக்கும். மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் தயாராகும் வெள்ளைச் சோறு, சர்க்கரை போடாத மெய்ஜி பல்கேரியா தயிர் 400 கிராம் டப்பா. பழம் போட்ட சின்னக் கப் தயிர்களில் ஜெலட்டின் இருக்கலாம், அவை வேண்டாம். ஓட்டலில் ஐஸ் இயந்திரம் இருக்கும் தளத்திலேயே பொது மைக்ரோவேவும் இருந்தது. அவர்கள் அரிசி தானாகவே குழைவு. கரண்டியால் நாலு அழுத்து அழுத்தி, தயிர் ஊற்றி, ஊரிலிருந்து கொண்டு போன உப்பைப் போட்டால் நம் வீட்டுத் தயிர்சோறு. தொட்டுக்கொள்ள உமேபோஷி, உப்பில் ஊறவைத்துக் காயவைத்த ஒரு புளிப்புக் காய். பழைய உப்பு நார்த்தங்காயைக் கடித்த மாதிரி கண் மூடிக்கொள்ளும். அம்மா அதை அரை டப்பா காலி செய்தார். ஜாக்கிரதை, அதிலும் மாசி சேர்த்த ஒரு வகை இருக்கிறது! இரண்டாவது முறை வாங்கியபோது அதைத்தான் எடுத்து வந்தேன். மூடியைத் திறந்ததுமே திருப்பி என் பக்கம் தள்ளிவிட்டார்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எதைக் கொடுத்தாலும் தின்றார்கள். ஆனால் காமோ ஆற்றங்கரையில் கையில் தின்பண்டத்தோடு உட்காராதீர்கள். அங்கே பருந்துகள் உண்டு, எச்சரிக்கைப் பலகையும் உண்டு. மகன் முலாம்பழ பன்னில் ஒரு வாய்தான் கடித்திருப்பான். பின்பக்கமிருந்து சத்தமே இல்லாமல் வந்து தோளை உரசிக்கொண்டு பறித்துப் போனது. பன் போன துக்கத்தைவிட, பருந்து தன்னைத் தேர்ந்தெடுத்த பெருமைதான் அவனுக்கு அதிகம்.

முழு நிம்மதியோடு அம்மா சாப்பிட்ட இடம் ஒன்று உண்டு. கியோட்டோவின் மேற்குப் பக்கம் அராஷியாமாவில் தென்ர்யூஜி என்ற ஜென் பௌத்தக் கோயில், 1339இல் நிறுவப்பட்டது. அதன் வளாகத்திலேயே ஷிகெட்சு என்று ஓர் உணவகம். 'ஷோஜின் ரியோரி' எனப்படும் துறவிகளின் சாப்பாடு, மதியம் மட்டும். நாங்கள் போனபோது தலைக்கு மூவாயிரத்துச் சொச்சம் யென், தோட்டத்து நுழைவுச்சீட்டு தனி. மீன், இறைச்சி மட்டுமல்ல, வெங்காயம், பூண்டும் கிடையாது. சாறெல்லாம் கொம்பிலும் ஷிடாகே காளானிலும் எடுத்தது. பாய் விரித்த கூடத்தில் வரிசையாக உட்கார வைத்து, சிவப்புத் தட்டில் சிவப்புக் கிண்ணங்களாகக் கொண்டு வந்து வைக்கிறார்கள். பந்தி மாதிரிதான், மறுசோறு கேட்டு யாரும் சத்தம் போடாத பந்தி. அம்மா முதல் கிண்ணத்தைத் திறந்து மோந்து பார்த்தார். எங்கள் நாலு பேர் கண்ணும் அவர் மூக்கில். ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு அடுத்த மூடியைத் திறந்தார். எள்ளை அரைத்துக் கிழங்கு மாவில் கிளறிச் செய்த எள் தோஃபுதான் எனக்குப் பிடித்தது. பெயர்தான் தோஃபு, அதில் சோயா கிடையாது. மனைவிக்கு எல்லாமே உப்பு குறைவு. அது உண்மைதான்.

கடைசி இரண்டு இரவுக்கு ஒரு பழைய பாணி விடுதிக்கு மாறினோம். என்னைக் கேட்டால் முதலிலேயே இதைச் செய்திருப்பேன். அங்கே அறையின் அளவைத் தத்தாமிப் பாய்களின் எண்ணிக்கையில் சொல்கிறார்கள். கியோட்டோ பாய் டோக்கியோ பாயைவிடச் சற்றுப் பெரியது. பத்துப் பாய் அறையில் ஐந்து பேரும் வரிசையாகப் படுத்தோம். இடுப்பு வலிக்குக் கட்டில் ஒத்துக்கொள்ளாத அம்மா அன்றுதான் குறட்டை விட்டார். இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று 'சுடோமாரி', அதாவது தங்க மட்டும், எடுத்திருந்தோம். அவர்களின் விருந்துச் சாப்பாட்டில் மீன் இல்லாத கிண்ணத்தைத் தேடுவது வீண்வேலை.

உடுத்திக்கொள்ள யுகாத்தா என்ற பருத்தி அங்கி கொடுத்தார்கள். அம்மா சேலை பழக்கத்தில் வலது பக்கத்தை மேலே கொண்டு வந்து கட்டிக்கொண்டு வெளியே வர, விடுதிக்கார அம்மா பதறிக்கொண்டு ஓடி வந்து அவிழ்த்து, இடது பக்கம் மேலே வரும்படி கட்டிவிட்டார். வலது மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறையாம். விஷயம் தெரிந்ததும் இரண்டு கிழவிகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அப்புறம் அம்மாவுக்குக் குடிக்க வெந்நீர் கேட்காமலேயே வந்தது. கடைகளில் எந்தப் பருவத்திலும் ஐஸ் தண்ணீர்தான் வைப்பார்கள். 'ஓயு' என்று கேட்டால் வெந்நீர் தருவார்கள்.

கிளம்பும் நாள் நிஷிகி சந்தைக்குப் போனோம். சந்து மாதிரி நீளமான ஒரே தெரு, நூற்றுக்கும் மேல் கடைகள். நடந்துகொண்டே தின்னாதீர்கள் என்று எழுதிப் போட்டிருப்பார்கள், வாங்கிய கடை முன்னாலேயே நின்று தின்ன வேண்டும். ஒரு கடையில் கட்சுவோபுஷியைச் சீவாமல் முழுக் கட்டையாக அடுக்கியிருந்தார்கள். ஒரு வாரமாக அந்த வாசத்துக்குப் பயந்து ஓடிய அம்மா அங்கே நின்றார். கடைக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டி அனுமதி கேட்டார். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினார். கிணுங் என்று மரக்கட்டை மாதிரி ஒலித்தது. கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. காய்ந்திருக்கிறதா என்று அவர்களும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்களாம்.

"நல்லாக் காஞ்சிருக்கு," என்று அம்மா வைத்துவிட்டு, விலை எவ்வளவு என்று என்னிடம் கேட்டார். ரூபாயில் சொன்னேன்.

"இந்தக் காசுக்குத் தூத்துக்குடியில வள்ளமே வாங்கிரலாம், வா."