ரிப்போர்ட்டைப் படித்த பிறகு வலி கூடுவது ஏன்?

கேள்வி: வயது 40. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. இடுப்பு வலிக்கு எம்ஆர்ஐ எடுத்ததில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று வந்தது. படித்ததிலிருந்து வலி அதிகம், கால் விளங்காமல் போய்விடுமோ என்று பயம். ஆனால் ஷிப்மென்ட் அவசரத்தில் வலியே தெரிவதில்லை. இது மனப்பிரமையா?

பதில்: இல்லை, வலி நிஜம்தான். ஆனால் ரிப்போர்ட் வந்த அன்றைக்கு உங்கள் டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு, புதிதாகப் பிதுங்கிவிடவில்லை, கூடியது பயம். இடுப்பிலிருந்து வரும் சேதியை மூளை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஆபத்து என்று நினைத்தால் கூட்டும், வேறு அவசரம் இருந்தால் அமுக்கும். ஷிப்மென்ட் நாளில் மறந்துபோன வலி ராத்திரி படுத்ததும் வருவது அதனால்தான். அப்புறம், பயந்துகொண்டு இடுப்பை விறைப்பாகவே வைத்திருந்தால் தசை இறுகி அது வேறு வலிக்கும்.

வலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளின் தொகுப்பு 2015-ல் வந்தது. அதன்படி 40 வயதில் பாதிப் பேருக்கு பல்ஜ் இருக்கிறது. இந்த ஒரு வரியை ரிப்போர்ட்டிலேயே அச்சடித்தால் என்ன? செய்யமாட்டார்கள். கமிஷனுக்காகத் தேவையில்லாத ஸ்கேன் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், ரிப்போர்ட்டை விளக்க மட்டும் யாருக்கும் இரண்டு நிமிடம் கிடையாது. அந்த இடைவெளியில்தான் ‘ஜவ்வை உள்ளே தள்ளுகிறேன்’ என்று முதுகில் ஏறி மிதிக்கிறவரும், ‘இப்போதே ஆபரேஷன் செய்யாவிட்டால் படுத்த படுக்கைதான்’ என்று ஆள் பிடிக்கும் ஏஜென்ட்டும் நுழைகிறார்கள், பயந்தவர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்.

சில அறிகுறிகள் வந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே போனாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, கால் பலம் குறைந்துகொண்டே போனாலோ, ஆசனவாயைச் சுற்றியும் தொடையின் உள்பக்கமும், அதாவது சைக்கிள் சீட்டில் படும் இடமெல்லாம், மரத்துப்போனாலோ அன்றைக்கே, ராத்திரியானாலும் சரி, பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கழுவும்போது தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா என்று பாருங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடுவது இதைத்தான்.

அதெல்லாம் இல்லையென்றால் நடங்கள், வேலைக்குப் போங்கள், குனிந்து பழகுங்கள். கொஞ்சம் வலித்தால் ஏதோ கிழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. டாக்டரிடம் ‘இந்த பல்ஜ் நரம்பை அழுத்துகிறதா, எனக்கு வலிக்கும் இடத்தோடு ஒத்துப்போகிறதா’ என்று கேளுங்கள். படுக்க வைத்துக் காலைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் ஆபரேஷன் தேதி குறிக்கிறார் என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள்.