அப்பா போன பிறகு சரியாகச் சாப்பிடாத நாய்

அப்பா இறந்ததிலிருந்து நாய் சரியாகச் சாப்பிடாமல் கதவருகிலேயே படுத்திருக்கிறது, யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள், அதற்கு இப்போது மிச்சமிருக்கும் சொந்தம் நீங்கள்தான்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், துக்கம் என்று நாம் நினைப்பது சிறுநீரகக் கோளாறாகவும் இருக்கலாம். அப்புறம், அப்பாவின் கைலி ஒன்றைத் துவைக்காமல் அதன் படுக்கையில் போட்டுவையுங்கள், நாய்க்கு வாசனைதான் ஆள். அவர் கூட்டிப்போன அதே நேரத்தில் அதே அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம் வழியாகவே நடத்திப்போங்கள், எந்தத் தூணில் நின்று மோப்பம் பிடித்தாலும் இழுக்காமல் கூடவே நில்லுங்கள்.

துணைக்கு இன்னொரு நாய் வேண்டாம், சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு நாய்க்குத்தான் அனுமதி. நாயின் லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.